சத்தம் போட்ட கட்டை

மதுரையில் பரீட்சை நடந்த அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. வராந்தாவில் காத்திருந்த மற்ற டீச்சர்கள் தங்கள் பிள்ளைகள் உள்ளே போனதும் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். நான் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

உள்ளே தமிழரசி வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்று உருப்படிகளில் அது மூன்றாவது. அதன் கடைசி வரியும் வந்துவிட்டது. இடது கை மடிக்குத் திரும்பியது. வலது கை மட்டும் பியானோவின் வலக்கோடிக்குப் போய் ஒரே ஒரு கட்டையைத் தொட்டது. முடிந்தது என்று நான் மூச்சை விட்டேன்.

தொட்ட கை சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல மேலே எழுந்தது. அங்கேயே நின்றது. அவள் பரீட்சை நடத்த வந்த வெள்ளைக்காரரைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். பிறகு அதே கட்டையை இன்னொரு முறை தொட்டுவிட்டு எழுந்துகொண்டாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பூட்டிவிட்டுப் போன வீடு திறந்து கிடப்பதைப் பார்த்தவள் முகம் அது.

“டீச்சர், அந்தக் கடைசிக் கட்டை சத்தம் போடுது.”

நாற்பது வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கட்டை சத்தம் போடுவதை ஒரு புகாராக யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

ஐந்தாம் கிரேடு

தமிழரசிக்கு முப்பத்து நான்கு வயது. ஊர் தேவாரம். வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். தேனியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் மூன்று வருடமாக மியூசிக் மிஸ். தற்காலிக மிஸ். அதாவது, எல்லா மிஸ்ஸும் செய்கிற வேலையைச் செய்துகொண்டு, ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருடம் உண்டா இல்லையா என்று ஆபீஸ் வாசலில் நிற்கிறவள்.

போன வருடம் பள்ளி நிர்வாகத்தில் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். பியானோவில் ஐந்தாம் கிரேடு சர்ட்டிபிகேட் இருந்தால் வேலை நிரந்தரம். அடுத்த ஜூனுக்குள் இல்லையென்றால் மதுரையில் இருந்து சர்ட்டிபிகேட்டோடு தயாராக இருக்கும் வேறொருவர். கரஸ்பாண்டன்ட் அம்மாள் இதை மிகுந்த அன்போடு சொன்னதாகத் தமிழரசி என்னிடம் சொன்னாள்.

ஆகவே அவள் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வந்தாள். தேவாரத்தில் இருந்து பஸ், பள்ளி, பிறகு என் பியானோ, திரும்ப பஸ். அந்தப் பரீட்சைக்கு ஒரு வருடத்தில் ஒரு வாய்ப்புத்தான் அவளுக்கு இருந்தது. அதை என்னை நம்பி என் கையில் கொடுத்திருந்தாள்.

இரண்டு வார்த்தைச் சிஸ்டர்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு நான் அனுமந்தன்பட்டிக்காரி என்பதும், கோயில் ஆர்மோனியத்தில் கைவைத்து உதை வாங்கியதும் தெரியும். பியானோ கற்றது மதுரையில், கான்வென்ட் ஹாஸ்டலில், ஒரு சிஸ்டரிடம்.

சிஸ்டரிடம் மொத்தம் இரண்டு வார்த்தைகள்தான் இருந்தன. ஒன்று ‘இல்லை’. இன்னொன்று ‘மறுபடியும்’. எது இல்லை என்று சொல்லமாட்டார்கள். நாமாகக் கண்டுபிடிக்கவேண்டும். நான் ஒரு முழு மழைக்காலம் என் கட்டைவிரல்தான் தப்பு என்று நினைத்து அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். தப்பு காலில், பெடலில் இருந்தது.

நான் டீச்சரானபோது இப்படி இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். வார்த்தைகளைத் தாராளமாகச் செலவழித்தேன். ‘கொஞ்சம் முந்திட்ட’, ‘இங்கன அழுத்தம் கூடிப்போச்சு’, ‘அந்த ஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்க’. பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு அதையே மறுபடி வாசிப்பார்கள். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் சொல்லத் தெரியாது.

பச்சைக் கோடு

இப்போது லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். இதை வாங்கித் தந்தது பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன். பியானோவின் கட்டைகளுக்கு அடியில் நீளமாக ஒரு பட்டையைப் பொருத்தினான். எந்தக் கட்டை எப்போது அமுங்கியது, எவ்வளவு வேகமாக அமுங்கியது, எவ்வளவு நேரம் அமுங்கியே இருந்தது என்று அந்தப் பட்டை லேப்டாப்புக்குச் சொல்லும். திரையில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு கோடு. சரியான கட்டை என்றால் பச்சை, தப்பான கட்டை என்றால் சிவப்பு. ஓங்கி அடித்தால் நிறம் அடர்த்தி. மெல்லத் தொட்டால் வெளிறல்.

இதன் நல்ல குணத்தை மறைக்க விரும்பவில்லை. தமிழரசிக்கு இடது கை எப்போதும் வலது கையைவிட ஒரு இமை நேரம் முந்தி வரும். அதை அவளுக்குப் புரியவைக்க நான் மாதக்கணக்கில் வார்த்தைகளால் முயன்றிருக்கிறேன். திரையில் பார்த்த முதல் நாளே, கீழ்க் கோடுகள் எல்லாம் மேல் கோடுகளுக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றதை அவளே கண்டுபிடித்தாள்.

“எடது கை அவசரக் குடுக்கையா இருக்கு டீச்சர்,” என்றாள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஊரில் பேச்சுப் பரவியது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அப்பாக்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். இந்த வயசில் புது டெக்னாலஜியை எடுத்துக்கிட்டாக பாருங்க என்று என் காதுபடவே பாராட்டினார்கள்.

என் காதுபட என்று எழுதிவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதவேண்டும்.

சில்வண்டு

எனக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. திருவிழாவுக்கு மைக் செட் கட்டினால் கரகரப்பு எந்தப் பெட்டியில் என்று சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். கோயில் பாடல் குழுவில் யார் சுருதி இறங்கினாலும் நான் திரும்பிப் பார்க்காமலேயே பெயரைச் சொல்வேன். இதில் எனக்குப் பெருமை அதிகம். அளவுக்கு மீறி அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு சில சத்தங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின. குக்கர் விசில் அடிப்பதை நிறுத்தி ஆவியை மட்டும் விட்டது. கொசு சொல்லாமல் கடித்தது. மேகமலை அடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சில்வண்டுச் சத்தமே இல்லை. ஏலத்தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்துதான் காரணம் என்று உடனே புரிந்துகொண்டேன். பள்ளி ஆண்டுவிழா ஒன்றில் மேடையேறி அதைக் கண்டித்துப் பேசியும் இருக்கிறேன். கை தட்டினார்கள்.

பியானோவில் மேல்கோடியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் எனக்கு ‘டொக்’ என்று மட்டும் கேட்டன. மரம் மரத்தில் படுகிற சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் ஒருநாள், உனக்குக் காது மந்தமாகிவிட்டது, டாக்டரிடம் போகலாம் என்றார். அதையும் கேட்காதவள்போல இருந்துவிட்டேன். அடுத்த வாரம்தான் தம்பி மகனுக்குப் போன் போட்டேன். பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரியவைக்க ஏதாவது மெஷின் உண்டா என்று கேட்டேன்.

லேப்டாப் வந்ததும் பிள்ளைகள் தங்கள் தப்பைப் பார்த்தார்கள். நானும் அதைப் பார்த்துத்தான் அவர்கள் தப்பைச் சொன்னேன். டீச்சர் திரையையே பார்ப்பது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைக்க விட்டேன்.

கடைசி ஸ்வரம்

தமிழரசியின் மூன்றாவது உருப்படி அமைதியானது. கடைசியில் எல்லாம் அடங்கிய பிறகு மேல்கோடியில் ஒரே ஒரு ஸ்வரம். மிக மிக மெல்ல வாசிக்கவேண்டும் என்று தாளிலேயே அச்சிட்டிருக்கிறது.

ஜனவரியில் அவள் அதை முதன்முதலில் வாசித்தாள். திரையில் பச்சைக் கோடு, ஆனால் அடர்ந்த பச்சை. ஓங்கி அடித்திருக்கிறாள். மெதுவா என்றேன். மறுபடி வாசித்தாள். இன்னும் அடர்த்தி. நான் மெதுவா என்று சொல்லச் சொல்ல அவள் ஏன் ஓங்குகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. நானே உட்கார்ந்து அந்தக் கட்டையை மெல்லத் தொட்டுக் காட்டினேன். டொக் என்றது. திரையில் வெளிறிய பச்சை விழுந்தது.

“டீச்சர், இது இப்படித்தானா?” என்று அவள் கேட்டாள்.

நான் திரையைப் பார்த்தேன். “இப்படித்தான்,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூன்று மாதம் அந்தக் கட்டையை அழகாக, வெளிறலாக, தவறாமல் பச்சையாகத் தொட்டாள். பள்ளியில் பழகுகிற கீபோர்டு அறுபத்தொரு கட்டை. அதில் அந்த ஸ்வரமே கிடையாது. அங்கே கடைசியில் கீபோர்டின் பிளாஸ்டிக் விளிம்பை விரலால் தொடுவாளாம். அதுவும் டொக் என்றுதான் சொல்லியிருக்கிறது.

ஆண்டிபட்டிக் கணவாய்

இதையெல்லாம் அவள் மதுரையில் இருந்து திரும்பும் பஸ்ஸில் சொன்னாள். உசிலம்பட்டி வரைக்கும் அவளுக்கு ஆச்சரியம்தான். அந்த ஹாலில் இருந்த பியானோவில் மணி மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். தப்பான கட்டையை அமுக்கிவிட்டோம் என்று பதறி, சாரி சார் என்று சொல்லிவிட்டு, மறுபடி தொட்டாளாம். மறுபடியும் மணி.

“சத்தமே வராம அமுக்குறதுதான் அங்கன சரின்னு நெனச்சேன் டீச்சர். நல்லாத்தான இருந்துச்சு. பாட்டு முடிஞ்சு, ஒரு விரலு மட்டும் சும்மா போய்த் தொட்டுட்டு வர்ற மாதிரி. நீங்களும் சரின்னுதான சொன்னீக.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கணவாயில் பஸ் ஏறுவதற்குள் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுப் பியானோவில் அந்தக் கட்டை ஊமை. ஆனால் அமுங்கும். அமுங்குவதைத்தான் பட்டை சொல்லும், சத்தம் வந்ததா என்று அதற்குத் தெரியாது. சத்தம் வந்ததா என்று பார்க்கவேண்டியது என் வேலை.

சத்தம் வரவில்லையே என்று அவள் ஓங்கி அமுக்கியிருக்கிறாள். திரை அடர்ந்ததைப் பார்த்து நான் குறை, குறை என்றிருக்கிறேன். இல்லாத சத்தத்தை மூன்று மாதம் குறைத்திருக்கிறோம்.

பரீட்சையில் தடுமாறி நின்றதற்கு மார்க் போகும். அவள் விளிம்பில் நிற்கிற மாணவி. இரண்டு மூன்று மார்க்கில் அந்த வேலை போய்விடலாம்.

பொட்டலம்

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு தமிழரசி பியானோவின் மேல்மூடியைத் தூக்கினாள். உள்ளே வரிசையாகச் சுத்தியல்கள். வலக்கோடியில், மூன்று சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம் சிக்கியிருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய்.

கிறிஸ்துமஸுக்கு அவளே கொண்டுவந்து தந்தது. வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்து வாங்கி வந்த நயமான காய். அவ்வளவையும் பாயசத்தில் போட முடியாது. சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று நான்தான் நாலு பொட்டலம் கட்டி உள்ளே தொங்கவிட்டிருந்தேன். ஒன்று அறுந்து விழுந்திருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் எதற்கும் ஏலக்காய் வைப்போம். பட்டுச்சேலைக்கு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் கட்டையை அமுக்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது சத்தம் வருகிறது என்று அர்த்தம். எனக்கு டொக் என்றுதான் கேட்டது.

அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டு, பாழாய்ப்போன பொட்டலம் என்று பழியை அதன்மேல் போட்டுவிட்டிருக்கலாம். போட வாயெடுத்தேன். அவள் வேலை போகப்போகிற நேரத்தில் அது முடியவில்லை.

“தமிழரசி, எனக்கு அந்தக் கட்டை கேக்காது. அதுக்குப் பக்கத்துல இருக்குற பத்தும் கேக்காது. ரெண்டு மூணு வருசமாச்சு.”

அவள் நம்பவில்லை. லேப்டாப்பை மூடினாள். என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருடத்தில் அந்த அறையில் நான் சோதிக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

“இப்ப?” என்றாள். டொக்.

“அமுக்குன. எந்தக் கட்டைன்னு தெரியல.”

“இப்ப?”

“தெரியல.”

“இப்ப?”

அவள் அமுக்கினாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் கண் சிவந்திருந்தது. பரிதாபம் என்று நினைத்தேன். கோபம்.

“நான் பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி வந்து, மூணு மாசமா பிளாஸ்டிக்கைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சத்தம் வரலன்னு சொல்லியிருப்பேன்ல. இதுல என்ன டீச்சர் வெக்கம்?”

நான் பியானோவின் மேல்மூடியை இறக்கினேன்.

“பெயிலானா நீங்களே ஸ்கூலுக்கு வந்து கரஸ்பாண்டன்ட் அம்மாகிட்டச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாக.”

சொல்கிறேன் என்றேன். காபி போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அந்தச் சில வாரங்கள்

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கரஸ்பாண்டன்ட் அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தினமும் ஒத்திகை பார்த்தேன். அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவில்தான் நான் சில்வண்டுகளுக்காகப் பேசியது. காது போன மியூசிக் டீச்சர் என்று ஊர் பேசுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதைவிட, ஒரு பெண்ணின் வேலையை என் வீம்புக்காகக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நடுவில் வீட்டுக்காரரோடு போய்க் காதைச் சோதித்தேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்கள். வரைபடத்தில் கோடு தரையை நோக்கி இறங்கியிருந்தது. கோடு படிக்க எனக்குப் பழகியிருந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை.

ரிசல்ட் ஒரு மதியம் வந்தது. தமிழரசி போனில் அனுப்பியிருந்தாள். பாஸ். தேவைப்பட்டதைவிட இரண்டு மார்க் கூட. கீழே பரீட்சை நடத்திய வெள்ளைக்காரர் மூன்றாவது உருப்படிக்கு எழுதியிருந்த குறிப்பின் சாரம் இது: இறுதி ஸ்வரத்தை இருமுறை வாசித்ததன் காரணம் விளங்கவில்லை. இரண்டாம் முறை அதை முதன்முதலாகக் கேட்பவர்போல வாசித்தார்.

ஒரு அந்நியர் அவ்வளவு சரியாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூனில் அவள் நிரந்தர மிஸ் ஆனாள். நீங்கள் ஸ்கூலுக்கு வரவேண்டியதில்லை டீச்சர் என்று செய்தி அனுப்பினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அந்த நிம்மதியே உறுத்த ஆரம்பித்தது. ஆகவே பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள், லேப்டாப் இருக்குமில்லையா என்று மட்டும் கேட்டார்கள். மீதி ஊருக்கும் கரஸ்பாண்டன்ட் அம்மாளுக்கும் இதோ இங்கே எழுதிவிட்டேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர்.

இப்படித்தானா

காது மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. குக்கர் மறுபடியும் விசில் அடிக்கிறது. மேகமலை அடிவாரத்தில் சில்வண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுவிழாவில் நான் பேசியதில் அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது தமிழரசி வாசலில் நின்றாள். பரீட்சைக்குப் பிறகு அன்றுதான் வந்தாள். கையில் பை. உள்ளே ஏலக்காய். பாயசத்துக்கு மட்டும் என்றாள்.

லேப்டாப்பைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். அந்த மூன்றாவது உருப்படியை வாசித்தாள். இடது கை முந்தவில்லை. அதை நான் திரை இல்லாமலே கண்டுகொண்டேன். கடைசி வரி வந்தது. எல்லாம் அடங்கியது. வலது கை மட்டும் தனியாகக் கோடிக்குப் போய் அந்தக் கட்டையைத் தொட்டது.

டொக் என்றது. அந்த டொக்குக்குப் பின்னால், எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் பட்டதுபோல ஒன்று மெல்லியதாகக் கேட்டது. நின்று, மங்கி, போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

தமிழரசி திரும்பாமல், கையைக் கட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், இது இப்படித்தானா?”

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“இல்ல,” என்றேன். “சத்தம் ஜாஸ்தி. மறுபடியும்.”